சல்லியன் இன்னும் வரவில்லை

மணி பத்தே முக்கால் ஆகிவிட்டது, சல்லியன் இன்னும் வரவில்லை. பத்து மணி என்று சொன்னால் ஒன்பதரைக்கே வந்து படிக்கட்டில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள், இருபத்தாறு வருஷத்தில் என்னை ஒரு நாளும் காக்க வைத்ததில்லை. போன் அடிக்கிறது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அணைந்து கிடந்தால் சார்ஜ் தீர்ந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். முழுசாக அடித்து ஓய்ந்து மறுபடியும் முழுசாக அடிக்கிற போனுக்குப் பக்கத்தில் ஒரு மனுஷன் கண்ணை மூடிப் படுத்திருக்கிற மாதிரியே தெரிகிறது. எட்டாவது தடவை போட்டுவிட்டேன். ஒன்பதாவது வேண்டாம், ஒன்பதாவதும் எடுக்காவிட்டால் அப்புறம் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. கீழே மாவு மில் ஓடுகிறது, இன்றைக்குச் சீயக்காய் போலிருக்கிறது, மூக்கில் ஏறுகிறது. மாவு மில்லுக்கு மேலே டப்பிங் தியேட்டர் கட்டியவன் என்ன நினைத்துக் கட்டினானோ, ஆனால் உள்ளே கதவை மூடிவிட்டால் சத்தம் வராது, காலுக்கடியில் ஒரு நடுக்கம் மட்டும் இருக்கும், யாரோ தூரத்தில் தேரை ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி. அந்த நடுக்கத்துக்காகத்தான் இந்தத் தியேட்டரையே பிடித்தேன், தேரோட்டியின் கதைக்கு இதுதான் சரி என்று. இப்போது அது என் முழங்காலில் ஏறி நெஞ்சுக்கு வருகிறது. "மேடம், டீ சொல்லட்டுமா?" என்று சவுண்ட் இன்ஜினியர் அருள்தாஸ் கேட்கிறார். வேண்டாம் என்கிறேன். "டிராபிக்கா இருக்கும் மேடம்." இருக்கும். கே.கே. நகரிலிருந்து சாலிகிராமத்துக்கு நடந்தே வந்துவிடலாம், அதில் என்ன டிராபிக். அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. சல்லியனாக நடித்த அண்ணாச்சியைச் சாகடித்துவிட்டுச் சிரிக்க வைக்காமல் விட்டுவிட்டேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது பிணமாக நடித்தால், அந்த ஷாட் முடிந்ததும் கேமராவை நிறுத்தமாட்டோம். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும். செத்தவனாகவே பதிந்துவிடக் கூடாது, கடைசியாகப் பதிவது சிரிப்பாக இருக்கட்டும் என்று. படிக்காதவர்கள் செய்கிறது என்று நினைக்க வேண்டாம், பெரிய படிப்புப் படித்துவிட்டு வந்த கேமராமேன்கள்கூட அந்தச் சிரிப்பை எடுக்காமல் லென்ஸை மூடமாட்டார்கள். நானும் மூடியதில்லை. சுடலைமுத்து அண்ணாச்சியை மட்டும் நான் பதினொரு தடவை சாகடித்திருக்கிறேன். ராஜாவாக, முனிவராக, இரண்டு அசுரர்களாக, யானைப்பாகனாக. பதினொன்றுக்கும் பதினொரு சிரிப்பு இருக்கிறது. பன்னிரண்டாவதுக்கு இல்லை. செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு வறண்ட ஏரியில் எடுத்தோம், சல்லியன் விழுகிற காட்சி. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கப் பத்து நிமிஷம்தான் இருந்தது, ஈட்டியை நெஞ்சில் வாங்கி அவர் சாய்ந்தார், எவ்வளவு அழகாகச் சாய்ந்தார், ஒரு மூட்டையை இறக்கி வைக்கிற மாதிரி, பெருமூச்சு விட்டுத் தரையில் படுத்தார். அப்போது பார்த்து மழை. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஏரி நிறையப் பொட்டுப் பொட்டாக விழுந்தது. கேமராவை மூடு, லைட்டைத் தூக்கு, ஜெனரேட்டருக்குத் தார்ப்பாய் போடு என்று நான்தான் கத்தினேன், எல்லோரையும் ஓட விட்டேன், நானும் ஓடினேன். அவர் அங்கேயே கிடந்தார். யாரும் கட் சொல்லவில்லை என்று கிடந்தாராம். அப்புறம் தானாக எழுந்து, ஒட்டு மீசையைக் கையில் பிடித்துக்கொண்டு வேனுக்கு வந்து, "என்ன தாயி, பொணத்த மழையில போட்டுட்டு வந்துட்டியே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேமரா பெட்டிக்குள் இருந்தது. எடிட்டிங்கில் உட்கார்ந்து அந்த ஷாட்டைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. படுத்திருக்கிறார், கன்னத்தில் ஒரு மழைத்துளி விழுகிறது, அத்தோடு இருட்டு. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

இருபத்திரண்டு நாளாகிறது. வாடகைக் கேமரா போன இடம் தெரியாது. ஒரு செல்போனில் சிரிக்கச் சொல்லி எடுத்துக்கொண்டால் என்ன என்று ராத்திரி பகலாக யோசித்தேன், ஆனால் அதற்கு அவரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டுமே. சொன்னால், சொன்னதாலேயே ஏதாவது ஆகிவிட்டால். என் வீட்டுக்காரர் தபாலாபீசில் வேலை பார்க்கிறவர், எதையும் முத்திரை குத்தித் தள்ளிவிடுகிற மனசு, "உனக்குக் கவலைப்பட ஒண்ணும் இல்லைன்னா அதுக்கும் உக்காந்து கவலைப்படுவ" என்பார். அவரிடம் சொல்லவில்லை. நான் என்ன, சாஸ்திரம் பார்க்கிறவளா. புராணத்தில் இல்லாத கேள்வியெல்லாம் கேட்டுப் புஸ்தகமாகப் போட்டவள், மேடையில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, சாமிகளை இந்தம்மா சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று குறைபட்டுக்கொண்டார், அதையே நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அப்படிப்பட்டவளுக்கு ஒரு சிரிப்பு எடுக்காததற்கு இவ்வளவு பயமா என்றால், ஆமாம், பயம்தான். சாமியை நம்பாமல்கூட இருந்துவிடலாம், மறதியை எப்படி நம்பாமல் இருப்பது. மறந்தது நான்தானே. போன திங்கட்கிழமை அவர் போனில் சொன்னார், "நெஞ்சுல என்னமோ அடைக்க மாதிரி இருக்கு தாயி, வாயுவாத்தான் இருக்கும்." வாயுவாகத்தான் இருக்கும். எத்தனை பேர் வாயு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். டாக்டரிடம் போங்கள் என்றேன். "சுடலைன்னு சுடுகாட்டுச் சாமி பேர வச்சிக்கிட்டு ஊசிக்குப் போய் நிக்கச் சொல்லுத" என்று வைத்துவிட்டார். அவர் மனைவி பேச்சியம்மாள் மகள் பிரசவத்துக்குத் தென்காசி போய்விட்டார். வீட்டில் அவர் தனியாக. போன் அடிக்கிறது. எடுக்க ஆள் இல்லை.

சல்லியனை நான் முதன்முதலில் பார்த்தது சிவகாசியில். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி என்னைக் காலண்டர் ஆபீசில் சேர்த்துவிட்டார்கள். படத்தின் மேல்பக்கம் தகரப் பட்டை அடிக்கிற வேலை. ஒரு நாளைக்கு ஆயிரம் முருகன், ஆயிரம் லட்சுமி, ஆயிரம் கீதோபதேசம். ஒரே படத்தை ஆயிரம் தடவை பார்த்தால் நடுவில் இருக்கிற சாமி மறைந்துபோகும், அது எனக்குத் தெரியும், வேறு யாருக்குத் தெரியுமோ. ஓரத்தில் நிற்கிறவர்கள்தான் கண்ணுக்குத் தெரிவார்கள். குடை பிடிக்கிறவன், சாமரம் வீசுகிறவள், குதிரை. ஒரு யுத்தப் படத்தில், தூரத்துத் தேரில், கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கிரீடம் வைத்த ஒருவன் உட்கார்ந்திருந்தான். கிரீடம் வைத்தவன் எதற்குத் தேர் ஓட்டுகிறான் என்று போர்மேனிடம் கேட்டேன். பட்டையை அடி என்றார். அப்புறம் யார் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டேன். மத்திர நாட்டு ராஜா, நகுல சகாதேவனுக்குத் தாய்மாமன். மருமக்கள் பக்கம் சண்டை போடத்தான் சேனையோடு புறப்பட்டான். வழிநெடுகப் பந்தல் போட்டு விருந்து வைத்திருந்தார்கள், தருமன்தான் வைத்திருக்கிறான் என்று நினைத்து உட்கார்ந்து சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்துக் கையை அலம்பிவிட்டு, இந்த விருந்து வைத்தவனுக்கு வேண்டியதைக் கொடுக்கிறேன் என்றான். வெளியே வந்து நின்றது துரியோதனன். ஒரு வேளைச் சாப்பாடு, இலை மாறி உட்கார்ந்துவிட்டான், அவ்வளவுதான், சொந்த மருமக்களுக்கு எதிராக நின்று, எதிரிப் பக்கத்து வீரனுக்குத் தேரும் ஓட்ட வேண்டியதாகிவிட்டது. இதைக் கேட்ட அன்றைக்கு என்னால் பட்டை அடிக்க முடியவில்லை. தப்பே செய்யாமல், பசித்துச் சாப்பிட்டதற்கு ஒருவன் இப்படி மாட்டிக்கொள்ள முடியுமா என்று. பதினான்கு வயசு எனக்கு.

அங்கிருந்து எப்படி இங்கே வந்தேன் என்று யாராவது கேட்டால் எனக்கே வரிசையாகச் சொல்லத் தெரியாது. அசோகவனத்தில் காவல் இருந்த ஒரு அரக்கிக்குக் கால் வலிக்கிறது என்று ஒரு கதை எழுதினேன், காலண்டரின் தேதிச் சீட்டுக்குப் பின்பக்கம் எழுதி, நூல் கோத்து ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன், போட்டார்கள். கல்யாணமாகி மெட்ராஸ் வந்து, ஒரு பக்தி மாதப் பத்திரிகையில் சிறுவர் பக்கம் எழுதினேன். அப்புறம் டிவியில் புராணத் தொடருக்கு வசனம். அந்தத் தயாரிப்பாளருக்கு ஒரு சட்டம் உண்டு, தேவர்கள் யாரும் இருமக் கூடாது. இருமினால் தேவர் இல்லையாம். டைரக்டர் ஒரு நாள் கோபித்துக்கொண்டு போய்விட, வசனம் எழுதியவள்தானே, நீயே சொல்லிக்கொடு என்று என்னை நிறுத்தினார்கள், அன்றைக்கு முதல் வேலையாக ஒரு ராஜாவை இரும வைத்தேன். இருமியவர் சுடலைமுத்து அண்ணாச்சி. பத்தொன்பது டேக். "ஒரு இருமலுக்கு இத்தன தடவையா, எனக்கு நெசமாவே சளி புடிச்சிரும்" என்றார். இருபதாவது தடவை நிஜமாகவே இருமினார், அதைத்தான் ஓகே செய்தேன். அதிலிருந்து மங்கை என்கிற என் பெயர் போய் 'இன்னொரு டேக்' அம்மா ஆகிவிட்டது. நூறு எபிசோடு, அப்புறம் தொடர் நின்றது, மூன்று புஸ்தகம், தெருக்கூத்துக்காரர்கள் முகத்துக்கு அரிதாரம் பூசுவதைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி, நடுவில் ஏழு வருஷம் ஒன்றும் இல்லை, சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தேன், தையல் கிளாஸ் போனேன். பெண்டாட்டி படம் எடுக்கப்போகிறாள் என்று கேட்ட அன்றைக்கு என் வீட்டுக்காரர் எழுந்துபோய்க் குடையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டு வந்து, "சரி" என்றார். இவ்வளவும் அந்தக் கடிவாளம் பிடித்த கிரீடக்காரனுக்காக. அவனை ஒரு தடவையாவது படத்துக்கு நடுவில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று. உட்கார வைத்தேன். விழ வைத்தேன். எழுப்பத்தான் மறந்துவிட்டேன்.

பதினொன்று அடிக்க ஐந்து நிமிஷம். இதற்கு மேல் உட்கார முடியாது. ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தால் யாரைக் கூப்பிடுவது, பக்கத்து வீட்டில் ஒரு வாத்தியார் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார், அவர் பெயர் என்ன, பேச்சியம்மாளுக்கு நான் என்ன சொல்வேன், பேரனோ பேத்தியோ பிறக்கிற நேரத்தில் நான் எப்படி அந்த வார்த்தையை வாயால் சொல்வேன். செருப்பை மாட்டுகிறேன், வலது கால் இடதில் போகிறது. படிக்கட்டில் நான்கு படி இறங்கியிருப்பேன். மில் சத்தத்துக்கும் மேலே ஒரு குரல். "சீயக்காய இப்படி அரச்சா எப்படிய்யா, தலையில தேச்சா தோல் உரிஞ்சிரும், இன்னும் ஒரு சுத்து விடும்." நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் மேலே வந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் தாம்பூலப் பை. "என்ன தாயி, படியில உக்காந்திருக்க, உள்ள பேன் ஓடலியா?"

"மணி என்ன அண்ணாச்சி?"

"அத ஏன் கேக்க. வடபழனியில ஒரு காதுகுத்துக்குப் போனேன், காலையில எட்டு மணிக்கு. நம்ம மேக்கப்மேன் பேத்திக்கு. தலையக் காட்டிட்டு வந்துருவோம்னு போனா, வாசல்ல பன்னீரத் தெளிச்சி நேரா பந்தியில கொண்டுபோய் உக்கார வச்சிட்டாங்க. இட்லி, பொங்கல், வட, கேசரி. நானும் சாப்ட்டேன். சாப்ட்டு எந்திரிச்சி மேக்கப்மேன் எங்கன்னு கேக்கேன், ஒருத்தனுக்கும் தெரியல. மண்டபத்துல மாடி ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டு விசேஷம். நான் போய்ச் சாப்ட்டது யார் வீடுன்னே தெரியாது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அந்த வீட்டுப் பொம்பளைங்க என்ன அடையாளம் கண்டுட்டாங்க. சீரியல்ல ராஜாவா வந்தவர்லான்னு. நம்ம வீட்டு விசேஷத்துக்கு மகாராஜாவே வந்துட்டாருன்னு ஒரு கெழவி என் கையப் புடிச்சிக்கிட்டு விடல. தாய்மாமன் மடியில புள்ளைய வச்சி காது குத்தணும், தாய்மாமன் வேன் திண்டிவனத்துல நிக்காம், நல்ல நேரம் போகுது, நீங்க உக்காருங்கன்னுட்டாங்க. சாப்ட்டுட்டு முடியாதுன்னு எப்படிச் சொல்ல?"

"தாய்மாமனாவா உக்காந்தீங்க?"

"உக்காந்தேம்லா. அது வீல்னு கத்தி எம்மேல ஒண்ணுக்கு இருந்துட்டு. வேட்டியப் பாரு."

அருள்தாஸ் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். நான் சிரிக்கவில்லை. இலை மாறி உட்கார்ந்து சாப்பிட்ட தாய்மாமன். மூவாயிரம் வருஷமோ நாலாயிரம் வருஷமோ ஆன அந்தத் தப்பை இந்த மனுஷன் காலை எட்டு மணிக்கு வடபழனியில் செய்துவிட்டு, யாரையும் கொல்லாமல், தானும் சாகாமல், வேட்டியை நனைத்துக்கொண்டு வந்து நிற்கிறார். போன் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். வீட்டில் சார்ஜில் கிடக்கிறதாம். நெஞ்சடைப்பு? "அது அன்னைக்கே ஒரு ஏப்பத்துல போயிட்டு." நான் நான்கு நாளாகத் தூங்காதது அவருக்கு ஒரு ஏப்பம். நல்லது. அப்படியே இருக்கட்டும். உள்ளே எங்கேயோ இறுக்கிக் கட்டியிருந்த ஒரு கயிறு அவிழ்ந்து, முதுகு முழுக்க வேர்த்து, அறைக்குள் போய் உட்கார்ந்து மின்விசிறிக் காற்று அதில் பட்டபோது எனக்குத் தூக்கமே வந்துவிடும் போலிருந்தது. பயம் போனால் உடம்பு இவ்வளவு கனமாகவா இருக்கும்.

ஆனாலும் என் மனசு சும்மா இருக்காது. இன்றைக்கு வந்துவிட்டார், சரி, நாளைக்கு. அந்தச் சாவு அப்படியேதானே கிடக்கிறது, அந்த ஏரியில், மழைத்துளியோடு. சொல்லிவிட்டேன். அருள்தாஸ் டீ வாங்கி வரச் சொல்லப் போன நேரத்தில், தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், செஞ்சியில் உங்கள் சிரிப்பை எடுக்கவில்லை அண்ணாச்சி, மறந்துவிட்டேன் என்று. அவர் சந்தனத்தை விரலால் சொறிந்துகொண்டிருந்தார்.

"எந்தச் சிரிப்ப?"

"பொணமாப் படுத்தா எடுப்போமே, அது."

"அதச் சொல்லுதியா." விரலைத் துடைத்துக்கொண்டார். "இதுக்கா மூஞ்சி இப்படி இருக்கு? ஏ மங்க, அந்தப் பதினொண்ணையும் போட்டுப் பாத்திருக்கியா நீ? ஒண்ணுலயாவது நான் சிரிச்சிருக்கனா? அரிதாரம் காஞ்சி மூஞ்சி இழுத்துக்கிட்டு நிக்கும், மீச ஒட்டுன பசை சுருக்குனு குத்தும். பல்லக் காட்டச் சொன்னீங்க, காட்டுனேன். கேமராவுக்கும் பல்லுதான் தெரியும்." பிறகு வேட்டியின் ஈரத்தைக் கிள்ளித் தூக்கிக் காட்டினார். "இன்னைக்குச் சிரிச்சேன் பாரு, அந்தப் புள்ள மேல விட்டதும். அந்த போட்டோகிராபர் விடாம எடுத்தான், முப்பது நாப்பது இருக்கும். யார் வீட்டு ஆல்பத்துலயோ நான் சிரிச்சிக்கிட்டு இருப்பேன், நான் போனதுக்கப்புறமும். போதுமா?"

போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. வேறு கேமரா, வேறு சிரிப்பு, சாவுக்கும் அதற்கும் இடையில் இருபத்திரண்டு நாள். அதெல்லாம் கணக்கில் சேருமா என்று மனசு ஒரு சுற்றுச் சுற்றியது, ஆனால் பழைய வேகம் இல்லை, கால் வலித்த மாடு மாதிரி ஒரு சுற்றோடு படுத்துவிட்டது. பதினொரு தடவை நான் எடுத்து வைத்தது வெறும் பல் என்றால், பதினொரு தடவையும் அவர் பிழைத்தது அவராகத்தான். என்னால் இல்லை. அப்படியென்றால் இந்தத் தடவையும் என்னால் ஆகப்போகிறது ஒன்றும் இல்லை. ஐம்பத்து மூன்று வயசில் இதைத் தெரிந்துகொள்கிறேன், ஒரு மாவு மில்லுக்கு மேலே. எனக்குப் பசித்தது. காலையில் சாப்பிடவே இல்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது, அவருடைய தாம்பூலப் பையைத் திறந்து லட்டை எடுத்துத் தின்றேன். "எவன் வீட்டு லட்டுன்னு தெரியாது, பாத்துத் தின்னு" என்றார்.

அருள்தாஸ் விளக்கை அணைத்தார். அண்ணாச்சி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் மைக்குக்கு முன்னால் நின்றார். திரையில் சல்லியன் சாய்கிறான். அரை நாள் மட்டும் துரியோதனனுக்குச் சேனாபதியாக இருந்தவன். படப்பிடிப்பில் பதிந்த சத்தம் மழையில் வீணாகிவிட்டது, அந்தக் கடைசி மூச்சு இங்கே வர வேண்டும். எத்தனையோ நாள் இந்த மூச்சை நான் மனசுக்குள் கேட்டிருக்கிறேன். ஈரமே இல்லாத மூச்சு, எல்லாரும் மறந்துபோன ஒருவனுடைய மூச்சு. ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அவர் மூச்சை இழுத்தார். இட்லியும் பொங்கலும் வடையும் கேசரியுமாக அது வந்தது. கொழுத்த, சூடான, திருப்தியான மூச்சு, நடுவில் ஒரு ஏப்பம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. சாகிறவன் விடுகிற மூச்சே இல்லை, பந்தியிலிருந்து எழுந்து கையை ஊன்றுகிறவனுடைய மூச்சு. அருள்தாஸ் என் பக்கம் திரும்பி, இன்னொன்று போவதற்காகப் பட்டனில் விரலை வைத்துக்கொண்டார். அவருக்கு என்னைத் தெரியும்.

"ஓகே" என்றேன்.

"மேடம்?"

"ஓகேன்னு சொன்னேன் அருள்தாஸ். இதையே வைங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். ஸ்பீக்கரில் குரல் வந்தது. "என்னது, ஒரே டேக்கா? ஏ மங்க, உடம்புக்கு என்னமும் செய்யுதா ஒனக்கு? இன்னொண்ணு குடு, இப்பத்தான் தொண்ட தெறந்திருக்கு. நான் இன்னும் நல்லாச் சாவேன்லா."

"வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். "இவ்வளவு போதும்."